'உடனே' எப்படி 'அப்புறம்' ஆச்சு?

ஏரோது மன்னனுக்குப் பிறந்தநாள். கலிலேயாவின் பெரிய மனிதர்கள் எல்லாம் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். ராணி ஏரோதியாளின் மகள் ஆடுகிறாள். சொக்கிப்போன மன்னன், எதைக் கேட்டாலும் தருவதாக அவளிடம் சத்தியமே செய்துவிடுகிறான். அம்மாவிடம் ஓடி யோசனை கேட்டுவிட்டு வந்த பெண் கேட்ட பரிசு - சிறையில் இருந்த யோவான் ஸ்நானகனின் தலை!

1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், மாற்கு 6-ம் அதிகாரத்தில் இந்தக் காட்சியைப் படித்துப் பாருங்கள். தலையை 'பை அண்ட் பை' தரச் சொல்கிறாள் அந்தப் பெண். இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு 'கொஞ்சம் போகட்டும், மெதுவாக' என்று அர்த்தம். அடேயப்பா, அவ்வளவு நிதானமான பெண்ணா?

அதுதான் இல்லை! அன்றைக்கு அதற்கு அர்த்தம், 'இந்த நிமிஷமே'! மன்னன் மனசு மாறுவதற்குள் காரியம் முடிந்தாக வேண்டுமே! சொல்லின் அர்த்தம் மாறியதும், அந்தக் கொலையில் இருந்த அவசரமே காணாமல் போய்விட்டது, பார்த்தீர்களா?

இன்னொன்று. அதே பைபிளில், இயேசு சபித்ததும் அத்திமரம் 'ப்ரெஸன்ட்லி' பட்டுப்போகிறது. இதற்கும் அன்று 'உடனே' என்றுதான் பொருள். பிறகு அது நழுவி 'சீக்கிரத்தில்' ஆகிவிட்டது.

நாம் தினமும் சொல்கிற 'சூன்' இருக்கிறதே, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதுவும் 'உடனே'தான். 'அனான்' என்ற பழைய சொல்லும் அப்படியே. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில், மதுக்கடைப் பையன் பிரான்சிஸ் யார் கூப்பிட்டாலும் 'அனான், அனான்' என்று குரல் கொடுப்பான். ஆள் மட்டும் வந்து சேரமாட்டான்! இளவரசர் ஹால் இதை வைத்தே அவனை ஒருவழி பண்ணிவிடுவார்.

ஏன் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே திசையில் வழுக்கின? அகராதிக்காரர்கள் செய்த சதி இல்லை. 'உடனே' என்று வாயால் சொல்லிவிட்டு, சாவகாசமாக வருகிற மனித சுபாவம்தான். கேட்டவர்கள் நூறு தடவை ஏமாந்த பிறகு, 'ஓஹோ, இதற்கு அர்த்தம் அப்புறம்' என்று புரிந்துகொண்டார்கள்!

சரி, இப்போது எப்படி எழுதுவது? 'ப்ரெஸன்ட்லி' என்றால் பிரிட்டனில் பெரும்பாலும் 'சீக்கிரத்தில்'. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் 'தற்போது'. (நம் ஊர் ஆபீஸ் கடிதங்களிலும் அப்படித்தான். அது தப்பில்லை, பழைய வழக்குதான்!) குழப்பமே வேண்டாம் என்றால், 'தற்போது' என்பதற்கு 'கரன்ட்லி', 'சீக்கிரத்தில்' என்பதற்கு 'சூன்' என்று எழுதிவிடுங்கள். 'மொமன்டரிலி'யும் ஆபத்தான பேர்வழி! விமானம் 'மொமன்டரிலி' தரையிறங்கும் என்று அமெரிக்க விமானி சொன்னால், 'இன்னும் சில நொடிகளில்' என்று அர்த்தம். பிரிட்டிஷ் காதுக்கோ, 'சில நொடிகள் மட்டும் தரையிறங்கும்' என்று கேட்கும். அதற்குள் குதித்து இறங்க வேண்டியதுதான்!

அவசரமான காரியமா? தேதியையும் மணியையும் எழுதிவிடுங்கள். எண்கள் அவ்வளவு சுலபத்தில் வழுக்காது.

வெள்ளைக்காரர்களைப் பார்த்து ரொம்பச் சிரிக்கவும் வேண்டாம். 'தோ... கிளம்பிட்டேன்' என்று போனில் சொல்லிவிட்டு, அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறவர் உங்கள் வீட்டில் இல்லையா என்ன?