பாபாந்த்லாவின் பறப்போர்

மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் பாபாந்த்லா பகுதியில் வாழும் தொத்தோனாக் மக்களின் பறப்போர் சடங்குக்கு ஐந்து பேர் வேண்டும். நால்வர் உயரமான கம்பத்தின் உச்சியிலுள்ள சட்டத்தில் உட்கார்ந்து, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வார்கள். கம்பத்தில் சுற்றிய கயிறு பிரியப் பிரிய, தலைகீழாகச் சுழன்றபடியே தரைக்கு வருவார்கள். ஐந்தாமவர் கபொரால் எனப்படும் தலைவர். ஓர் ஆள் கால் வைக்கும் அளவேயான உச்சியில், கயிறு எதுவும் இல்லாமல், குழலும் சிறு முரசும் இசைத்தபடி நான்கு திசையும் திரும்பி ஆடுவார். ஆளுக்கு 13 சுற்று, நால்வருக்கும் சேர்த்து 52 என்பது மரபு. பழைய நாட்காட்டியின் ஒரு பெருஞ்சுழற்சிக்கும் 52 ஆண்டுகள்தான்.

கடும் வறட்சியில் மழை கேட்க இளைஞர் சிலர் காட்டின் உயர்ந்த மரத்தை வெட்டி வந்து நட்டதே தொடக்கம் என்கிறது வாய்மொழிக் கதை. 1615இல் வெளிவந்த தம் நூலில் ஹுவான் தெ தொர்கெமாதா என்ற ஸ்பானியத் துறவி இதை விவரித்திருக்கிறார். அக்காலத்தில் பறப்போர் பறவை வேடம் பூண்டிருந்தனர். பாதிரிமார் இதில் பழைய வழிபாட்டின் சாயலைக் கண்டு சந்தேகப்பட்டார்கள். திருவிழா வேடிக்கை என்ற போர்வையில்தான் சடங்கு பிழைத்தது.

20ஆம் நூற்றாண்டின் சிக்கல் வேறு. மேய்ச்சலுக்கும் பயிருக்கும் காடு அழிந்து நெடுமரம் அரிதானதால், பல இடங்களில் இரும்புக் கம்பம் வந்தது. எல் தாஹின் இடிபாடுகளுக்கு வரும் பயணிகள் முன்னால் ஒரே நாளில் பலமுறை பறக்க அது வசதி. தொப்பியில் விழும் காசும் இளைஞர்களை ஊரிலேயே நிறுத்தியது. ஆனால் மரத்தைத் தேர்ந்து, வெட்டுமுன் காட்டிடம் மன்னிப்புக் கேட்டு, பலர் கூடி இழுத்து வந்து, குழியில் கோழி காணிக்கையிட்டு நடும் முன்பாதி தேய்ந்துபோனது. பெரிய இழப்பு இதுதான். பறத்தல் சடங்கின் கடைசிக் கட்டம் மட்டுமே.

2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இச்சடங்கு சேர்ந்தது. பாபாந்த்லாவில் சிறுவர்களுக்கான பறப்போர் பள்ளிகள் அந்த முன்பாதியையும் சேர்த்தே கற்பிக்க முயல்கின்றன. சிறுவயதில் சேர்பவர்கள் நடன அடிகளில் தொடங்கிக் குட்டைக் கம்பத்துக்கும், பின்னர் முழு உயரத்துக்கும் போகப் பல ஆண்டுகள் பிடிக்கும். தந்தையோ மாமனோ பறப்பவராக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. பறக்கக் கற்ற எல்லோரும் கபொரால் ஆகிவிடுவதில்லை. மன்னிப்புக்கு ஒரு மெட்டு, தெருவில் நடந்து வர ஒன்று, பறக்கும்போது இன்னொன்று என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி இசை உண்டு. அவ்வளவையும் காதால் கேட்டே பாடம் செய்ய வேண்டும்.