ஆங்கிலத்தில் தம்மை அறிமுகம் செய்துகொண்ட இரு ஜப்பானியர்

ஜப்பானில் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர் முதன்முதலாக எழுதப் பழகுவது தம்மைப் பற்றிய சில வாக்கியங்களையே. என் பெயர் இன்னது, என் ஊர் இன்னது, என் பொழுதுபோக்கு இன்னது என்று அவர்கள் எழுதுவர். வகுப்பின் முன் எழுந்து நின்று அதையே சொல்லவும் செய்வர். இதற்கு ‘ஜிக்கோஷோக்காய்’, அதாவது சுய அறிமுகம், என்று பெயர். கேட்பதற்கு எளிய பயிற்சியாகத் தோன்றும் இது, ஜப்பானியத் திருச்சபையின் தொடக்க காலத்தில் இருவருடைய வாழ்க்கையை உருவாக்கியது. ஒருவருக்கு அது கதவைத் திறந்தது. மற்றவருக்கு அது பெருஞ்சுமையாயிற்று. சாட்சி சொல்வதையும் சொல்லக் கேட்பதையும் பழக்கமாகக் கொண்ட நாம் இவ்விருவரையும் சேர்த்துப் படிப்பது நலமாகும்.

முதலில் காலச் சூழ்நிலையைச் சுருக்கமாகக் குறிப்போம். புராட்டஸ்டண்டு மிஷனெரிமார் ஜப்பானுக்கு வந்தது 1859இல். கிறிஸ்து மார்க்கத்தைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டதோ 1873இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிப்படையாகப் பிரசங்கிக்க வழியில்லை. ஆகவே அவர்கள் மருத்துவம் செய்தனர், அகராதி தொகுத்தனர், ஆங்கிலம் கற்பித்தனர். மருத்துவர் ஹெப்பர்ன் தொகுத்த ஜப்பானிய-ஆங்கில அகராதி 1867இல் வெளிவந்தது. 1872 மார்ச்சு மாதத்தில் யோக்கோஹாமாவில் அமைந்த முதல் புராட்டஸ்டண்டு சபையின் அங்கத்தினருட் பெரும்பாலோர் ஜேம்ஸ் பல்லா என்பவரிடம் ஆங்கிலம் படிக்க வந்த வாலிபர்களே. ஆங்கிலம் படிக்க வந்த அவர்கள் ஜெபிக்கத் தொடங்கியபோது தாய்மொழியிலேயே ஜெபித்தனர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஜெபம் தாய்மொழியில், அறிமுகம் ஆங்கிலத்தில் என்ற இந்தப் பிரிவு பின்னரும் நீடித்தது.

இனி முதலாமவரிடம் வருவோம். நீஜிமா ஜோ 1843இல் எடோ நகரில் அன்னாக்கா பிரபுவின் ஊழியத்திலிருந்த சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பெண்களுக்குப் பின் பிறந்த ஆண் குழந்தையாகையால், பாட்டனார் மகிழ்ச்சி மேலிட்டு ‘ஷிமேத்தா’ என்று கூவினாராம். ‘கிடைத்துவிட்டது’ என்பது போன்ற பொருளுடைய அச்சொல்லே குழந்தையின் பெயராக நிலைத்தது. வாலிபப் பருவத்தில் அவர் டச்சு மொழியும் கணிதமும் கற்றார். அமெரிக்க நாட்டைப் பற்றிச் சீன மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலும், சீன மொழியிலேயே அமைந்த வேதாகமச் சுருக்கம் ஒன்றும் அவர் கைக்கு வந்தன. அந்நாளில் அரசின் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறுவது மரண தண்டனைக்குரிய குற்றம். அத்தடை நீங்கியது 1866இல்தான். ஆனால் 1864 ஜூலையில், ஓரிரவு, ஹகோதாத்தே துறைமுகத்தில் ஒரு சிறு படகிலேறி, அமெரிக்கக் கப்பலாகிய ‘பெர்லின்’ மீது அவர் ஒளிந்துகொண்டார்.

கப்பலில் அவருக்கு ஆங்கிலம் கற்பிக்க முன்வந்த பயணி ஒருவர், சொன்னது விளங்கவில்லை என்பதற்காக அவரை அடித்துவிட்டார். சாமுராயின் மகன் வாளை எடுக்க அறைக்கு ஓடினார். பின்பு, இதைக்கூடப் பொறுக்க இயலாதவன் வரப்போகும் பெரிய சோதனைகளை எப்படிப் பொறுப்பான் என்று எண்ணித் தம்மை அடக்கிக்கொண்டார். ஷாங்காயில் ‘வைல்டு ரோவர்’ என்னும் வேறொரு கப்பலுக்கு மாறினார். அதன் தலைவர் டெய்லருக்கு ‘ஷிமேத்தா’ என்னும் பெயர் நாவில் வராமையால் ‘ஜோ’ என்று அழைக்கலானார். ஹாங்காங்கில் சீன மொழிப் புதிய ஏற்பாடு ஒன்று வாங்க விரும்பியபோது கையில் பணமில்லை. தம் சிறிய வாளை 8 டாலருக்கு அத்தலைவரிடமே விற்று நூலை வாங்கினார். பெயரும் வாளும் இவ்வாறு வழியிலேயே கழிந்தன.

கப்பல் 1865 ஜூலையில் பாஸ்டன் சேர்ந்தது. பல வாரங்கள் கப்பலைக் காவல் காத்துக்கொண்டு அவர் அங்கேயே கிடந்தார். கப்பலின் உரிமையாளர் அல்பியஸ் ஹார்டி அவரை வரவழைத்துப் பேசிப் பார்த்தார். பேச்சு விளங்கவில்லை. ஆகவே, நாட்டை விட்டு வந்ததன் காரணத்தை எழுதித் தருமாறு கூறி மாலுமிகள் விடுதிக்கு அனுப்பினார். சில நாட்களில் நீஜிமா எழுதிக் கொடுத்த தாள்கள் 1891இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்று நூலில், பிழைகள் திருத்தப்படாமல், அச்சாகியுள்ளன.

அதைப் படிப்போர் வியப்படையாதிருக்க முடியாது. வினைச்சொற்கள் காலம் மாறிக் கிடக்கின்றன. வாக்கியங்கள் பாதியில் முறிகின்றன. ஆனால் சிந்தனை முறியவில்லை. அமெரிக்க நாட்டில் மக்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தெரிந்துகொள்கின்றனர், ஏழைகளுக்குப் பள்ளிகளும் இல்லங்களும் உள்ளன என்று படித்தபோது தம் மூளையே உருகி வழிந்துவிடும் போலிருந்தது என்கிறார். தம் நாட்டு அரசு குடிகளை மிருகங்களாய் நடத்துவதாகக் கொதிக்கிறார். பிறகு வேதாகமச் சுருக்கத்தின் முதல் பக்கத்துக்கு வருகிறார். என்னைப் படைத்தது யார்? பெற்றோரா? அல்ல, தேவனே. இம்மேசையைச் செய்தது யார்? தச்சன் செய்தான், ஆயினும் மரத்தை வளரச் செய்தவர் தேவன். அப்படியானால் நான் அவருக்கே நன்றி செலுத்தவேண்டும், அவரையே நம்பவேண்டும். இவ்விதமாக அவரது வாதம் செல்கிறது.

இக்கட்டுரையைத் திருச்சபை வரலாற்று நூல்கள் ‘மனமாற்றச் சாட்சி’ என்று குறிப்பிடுவதுண்டு. அது சரியன்று என்பதே நமது கருத்து. அவர் திருமுழுக்குப் பெற்றது 1866 டிசம்பர் 30ஆம் நாள், ஆண்டோவர் இறையியற் கல்லூரி ஆலயத்தில். கட்டுரை எழுதி ஓராண்டுக்கும் மேற்பட்ட பிறகு. கட்டுரையில் நாம் காண்பது விசுவாசப் பிரமாணத்தின் முதற்பகுதி மட்டுமே. படைத்தவர் ஒருவர் உண்டு, அவருக்கு நான் கடமைப்பட்டவன் என்பதற்கு மேல் அவர் அதிகம் செல்லவில்லை. பாவத்தைப் பற்றிய கண்ணீரோ சிலுவையைப் பற்றிய விரிவான பேச்சோ அங்கில்லை. கற்பிப்பார் ஒருவரைத் தேடுகிறேன், என்னைத் தள்ளிவிடவேண்டாம் என்னும் விண்ணப்பமே உண்டு. அதை வாசித்த ஹார்டி தம்பதியர் உள்ளம் உருகி அவரைத் தம் மகனைப்போல் ஏற்றுக்கொண்டனர். ஆண்டோவரில் பள்ளிப்படிப்பு, 1870இல் ஆமர்ஸ்ட் கல்லூரிப் பட்டம், 1874இல் இறையியற் படிப்பின் நிறைவு ஆகிய அனைத்தும் அவர்கள் ஆதரவில் நடந்தன.

மொழியைப் பற்றி இங்கு ஒன்று கூறவேண்டும். ஜப்பானிய மொழியில் ‘நான்’ என்பதற்கு ஒரு சொல் அல்ல, பல சொற்கள் உண்டு. பேசுவோனும் கேட்போனும் எந்நிலையினர் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். சாமுராய் தன்னைத் தாழ்த்திக் கூறும் ‘செஷ்ஷா’ என்பது நம் ‘அடியேன்’ போன்றது. ஆங்கிலத்திலோ அரசனுக்கும் மாலுமிக்கும் ஒரே ‘ஐ’தான். தன்னைப் படைத்தவர் யார் என்ற கேள்வியைக் குடும்பமும் பிரபுவும் குறுக்கிடாமல் கேட்க அந்த ஓரெழுத்துச் சொல் நீஜிமாவுக்கு உதவியிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். அக்கேள்வி அவருக்குப் பிறந்தது சீன எழுத்துக்களைப் படித்தபோதுதான்.

இருபதாண்டுகளுக்குப் பின், 1885இல், அவர் மறுபடியும் தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். இம்முறையும் ஹார்டி தம்பதியருக்கே. இப்போது நடை செம்மையாக உள்ளது. இளமைப் பருவம் முழுவதும் அதில் விரிகிறது. பட்டம் விடுவதில் தமக்கிருந்த மோகத்தையும், அன்னையார் பட்டம் வாங்கித்தர மறுக்கவே தாமே ஒன்றைச் செய்துகொண்டதையும் சிறுபிள்ளைபோல் விவரிக்கிறார். தேவனைப் பரம பிதாவாக அறிந்தபின் பெற்றோரை விட்டுப் புறப்படத் துணிவு வந்ததை அமைதியாக விளக்குகிறார். நன்றாக எழுதப்பட்ட நூல்தான். ஆயினும் எதை வைத்துக்கொள்வீர் என்று நம்மைக் கேட்டால், மாலுமிகள் விடுதியில் எழுதப்பட்ட பிழை மலிந்த தாள்களையே கேட்போம். பட்டத்தைப் பற்றி எழுத அன்று அவருக்கு நேரமில்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது அறிமுகம் ஒன்றுண்டு. 1874 அக்டோபரில் வெர்மாண்ட் மாநிலத்து ரட்லண்டு நகரில் அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. விடைபெறுவதற்காக மேடையேறிய நீஜிமா, ஜப்பானில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி வேண்டுமென்று கண்ணீரோடு மன்றாடினார். சுமார் 5000 டாலர் அங்கேயே வாக்களிக்கப்பட்டது. ஏழை விவசாயி ஒருவர் தம் இரயில் கட்டணமாக வைத்திருந்த 2 டாலரைக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பினார் என்பர். 1875 நவம்பர் 29ஆம் நாள் கியோட்டோவில் 8 மாணவருடன் டோஷிஷா பள்ளி தொடங்கியது. மேடையில் நின்று தன்னைப் பற்றியும் தன் நாட்டைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசும் ஜப்பானியனுக்கு என்ன ஆற்றல் உண்டென்பதை அனைவரும் கண்டனர். சிக்கலும் அங்கேயே தொடங்கிற்று.

இரண்டாமவர் உச்சிமுரா கான்ஸோ. 1861இல் பிறந்த இவர் 1877இல் சப்போரோ விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்கராகிய வில்லியம் கிளார்க் அங்கே சுமார் எட்டு மாதங்களே இருந்தார். ஆயினும் ‘இயேசுவை விசுவாசிப்போரின் உடன்படிக்கை’ ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி, முதல் வகுப்பு மாணவரிடம் கையெழுத்துப் பெற்றுச் சென்றிருந்தார். மூத்த மாணவர்கள் புதியவர்களை நெருக்கினர். தம் கையெழுத்து மனமொப்பாமல் இடப்பட்டது என்று உச்சிமுரா மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் இட்டபின் பெரும் விடுதலை கண்டார். வழியிலுள்ள ஒவ்வொரு கோயிலிலும் நின்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் வேண்டுதல் சொல்லிக் களைத்த பிள்ளைக்கு, தேவன் ஒருவரே என்பது நற்செய்தியாயிற்று. 1878 ஜூன் 2ஆம் நாள் மெதடிஸ்டு மிஷனெரி ஹாரிஸிடம் திருமுழுக்குப் பெற்றார். நண்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு கிறிஸ்தவப் பெயரைத் தெரிந்துகொண்டனர். நிட்டோபே இனாஸோ ‘பவுல்’ ஆனார். நட்பைப் பெரிதென மதித்த உச்சிமுரா ‘யோனத்தான்’ ஆனார்.

1884இல் அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியாவில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் இல்லத்தில் ஊழியம் செய்தார். பின்பு நீஜிமாவின் ஆலோசனையின்படி ஆமர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். கிறிஸ்துவின் மன்னிப்பைத் தாம் உள்ளபடி உணர்ந்த நாளாக அவர் குறிப்பது 1886 மார்ச்சு 8. திருமுழுக்குப் பெற்று ஏறக்குறைய எட்டாண்டுகள் கழிந்த பின்பு! நீஜிமாவைப் போலவே இவரும் படைத்தவரை முதலில் அறிந்தார். மீட்பரிடம் பிறகே வந்தார். மேலைநாட்டுச் சாட்சிக் கூட்டங்களில் வழங்கிய ஒழுங்கு இதுவன்று. பாவ உணர்வு, கண்ணீர், மன்னிப்பு, மகிழ்ச்சி என்னும் வரிசையையே அங்கு எதிர்பார்த்தனர்.

அக்கூட்டங்களைப் பற்றி உச்சிமுரா எழுதியிருப்பது கசப்பானது. பிற நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவனை மேடையேற்றி, எப்படி மனந்திரும்பினாய் என்று கால்மணி நேரத்துக்குள் சொல்லச் சொல்கின்றனர். பழக்கிய காண்டாமிருகத்தைச் சர்க்கஸில் காட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன என்று கேட்கிறார். தன்னைக் காட்டி அதில் மகிழும் காண்டாமிருகங்களையும் அவர் விடவில்லை. இதில் அவர் சற்று மிகையாகவே பேசுகிறார் என்று நமக்குத் தோன்றுகிறது. ரட்லண்டு கூட்டத்தின் கண்ணீரும் 2 டாலரும் பொய்யல்லவே. ஆயினும் கேட்போர் எதை விரும்புகின்றனரோ அதையே சொல்பவன் சொல்லக் கற்றுக்கொள்கிறான் என்ற அவரது குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது. வெளிநாட்டு விருந்தினர் முன் வாலிபரைச் சாட்சி சொல்ல நிறுத்தும் வழக்கமுள்ள எந்தச் சபையிலும் இதனை உணர்ந்தோர் இருப்பர்.

இத்தகைய அறிமுகத்தை மறுத்தவர் வாய்மூடியிருக்கவில்லை. 1895இல் ‘நான் கிறிஸ்தவனானது எப்படி’ என்னும் நூலை ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். ‘ஏன்’ என்பதை அல்ல, ‘எப்படி’ என்பதையே எழுதுகிறேன் என்று முகவுரையில் வரையறுக்கிறார். கால்மணி நேரத்தில் அடங்காத கதையை நாட்குறிப்புகளைக்கொண்டு சொல்கிறார். அக்குறிப்பேட்டுக்கு, கப்பலின் அன்றாடப் பயணத்தைப் பதியும் ஏட்டின் பெயரையே இட்டிருந்தார். சந்தேகங்கள், சபைப் பிரிவுகளைப் பற்றிய சலிப்பு, கிறிஸ்தவ நாடென்று நம்பி வந்த இடத்தில் தம் பட்டுக்குடை திருடு போனது, கறுப்பரும் சீனரும் அங்கு நடத்தப்பட்ட விதம் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. அமெரிக்கப் பதிப்பு பெரிதாக விலைபோகவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டவர்கள், தங்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை போலும். 1904இல் வெளியான ஜெர்மன் மொழிபெயர்ப்பு நன்கு வரவேற்கப்பட்டது.

இருவருக்கும் ஒரே ஆங்கிலம், ஒரே கல்லூரி. நூல்கள் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டன? நீஜிமாவிடம் கேட்டவர் ஒருவர். அவர் முன்பின் அறியாத வாலிபனைப் பற்றித் தெரிந்துகொள்ளவே கேட்டார். எழுதியதைப் படித்தபின் அவரும் அவர் மனைவியும் அவனுக்குப் பெற்றோராயினர். உச்சிமுராவிடம் கேட்டவை கூட்டங்கள். விடை இன்னதென்று அவர்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது. திருச்சபையின் பழைய சாட்சிகளைச் சான்றாகக் கொள்ளும் ஆராய்ச்சி மாணவர்கள் சொன்னவர் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். கேட்டவர் யார், அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதையும் பார்த்தாலன்றி, அச்சாட்சிகளில் இல்லாதவை ஏன் இல்லை என்பது விளங்காது.

நீஜிமா 1890 ஜனவரி 23ஆம் நாள் ஓயிஸோ என்னும் கடற்கரை ஊரில் காலமானார். மாலுமி சூட்டிய ‘ஜோ’ என்ற பெயரையே அவர் தாயகம் திரும்பிய பின்னும் தம் பெயராகக் கொண்டிருந்தார். உச்சிமுரா 1930 மார்ச்சு 28ஆம் நாள் மறைந்தார். ‘யோனத்தான்’ என்ற பெயர் நிலைக்கவில்லை. ஜப்பானிய மொழியில் அவர் எழுதிய திருமறை விளக்கங்கள் பல தொகுதிகளாக உள்ளன. ஆயினும் டோக்கியோவுக்கு அருகிலுள்ள தாமா கல்லறைத் தோட்டத்தில், அவர் கல்லறையின்மீது பொறிக்கப்பட்டிருப்பது, மாணவப் பருவத்தில் தம் வேதாகமத்தில் அவர் எழுதிவைத்த நான்கு ஆங்கில வரிகள். தாம் ஜப்பானுக்கும், ஜப்பான் உலகுக்கும், உலகு கிறிஸ்துவுக்கும், யாவும் தேவனுக்கும் உரியவை என்பது அவற்றின் பொருள். அவற்றின் முதற்சொல் அந்த ஓரெழுத்து ‘ஐ’.