வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்லவும்



மேம்பாலம், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்வாரியக் கேபிள் என்று சில வருடங்களாக மதுரையில் ஏதாவது ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளி வேன் இன்று எந்த வழியாக வரும் என்பது நம் வாட்ஸ்அப் குழுவில் தினசரிக் கேள்வியாகிவிட்டது. போன கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "ரோடு போடட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? போட்டு முடிக்கிற வரைக்கும் நாம எப்படிப் போறது, அதைச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடி உலகம் முழுக்க எழுதி வைத்த விதிமுறைகள் இருக்கின்றன. நம் ஊரிலும் அதற்கு ஒரு கதை உண்டு.

மாட்டு வண்டிக் காலம்

மதுரையில் நடந்த பெரிய இடிப்பு வேலை 1840-களில் நடந்தது. அதுவரை ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையைக் கவனித்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களில்தான் இன்று மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கோட்டைக்கு வெளியே அமைந்தவை வெளி வீதிகள். பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியதுதான் நம் விளக்குத்தூண்.

அத்தனை பெரிய வேலைக்கு எச்சரிக்கைப் பலகை தேவைப்பட்டிருக்காது. தெருவில் போனது மனிதர்களும் மாட்டு வண்டிகளும்தான். பள்ளத்தைக் கண்டால் வண்டிக்காரர் பார்க்காவிட்டாலும் மாடு நின்றுவிடும். 1889-இல் ஏ.வி. பாலம் திறந்தார்கள். அதுவரை வைகையில் இறங்கி ஏறிப் போனவர்கள், பாலம் கட்டிக்கொண்டிருந்தபோதும் அப்படியே போனார்கள். புதுவேலை பழைய வழியைப் பறிக்கவில்லை.

வேகம் வந்த பிறகுதான் சிக்கல் வந்தது. இன்றைக்குப் புதிய சாலை போட வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய சாலையின் மேலேயே போட வேண்டியிருக்கிறது.

சிவப்புத் துணியிலிருந்து கூம்புக்கு

மோட்டார் பெருகிய அமெரிக்காவில், சாலை அடையாளங்களை நாடு முழுக்க ஒரே மாதிரி வைப்பதற்கான கையேடு 1935-இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சாலைக்கோடு வரையும் பிரிவில் வேலை பார்த்த சார்லஸ் ஸ்கேன்லன் என்பவர், வண்டி மோதினால் உடையும் மரத் தடுப்புகளுக்குப் பதிலாக வளைந்து நிமிரும் கூம்பை வடிவமைத்தார். அதற்கு 1943-இல் காப்புரிமை கிடைத்தது. நாம் இன்று ஆரஞ்சு நிறத்தில் பார்க்கும் 'கோன்' அதன் வாரிசு. இங்கிலாந்தில் 1958-இல் பிரெஸ்டன் புறவழிச் சாலையில்தான், மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த சிவப்பு விளக்குகளின் இடத்துக்குக் கூம்புகள் வந்தன.

இந்தியச் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1934-இல் தொடங்கியது. எப்படிச் சாலை போடுவது என்று அது ஏராளமாக எழுதியது. ஆனால் வேலை நடக்கும் இடத்துப் பாதுகாப்புக்கென்று தனி வழிகாட்டி நூல் வந்தது 2001-இல்தான். அதை விரிவாகத் திருத்தி 2014-இல் வெளியிட்டார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பணி விதிமுறைகளிலும் 112-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வேலை நடக்கும்போது மக்கள் போக வழி விட வேண்டும், அந்த வழியைப் பராமரிக்க வேண்டும், தடுப்பு, பலகை, கொடி காட்டும் ஆள் வைக்க வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும். இவையெல்லாம் ஒப்பந்ததாரரின் கடமை என்று அது சொல்கிறது.

நான் வங்கிக்குச் சைக்கிளில் போன 1980-களில் நாம் கண்டது என்ன? பாதிச் சாலையில் ஜல்லிக் குவியல், அதை அடுத்து ஒரு தார் டிரம், அதில் செருகிய குச்சியில் சிவப்புத் துணி. ஆழமான குழியாக இருந்தால் ஒரு வேப்பங்கிளை. பகலில் அது போதும். இரவில் துணியும் தெரியாது, கிளையும் தெரியாது.

பலகையை எங்கே வைப்பது?

2014 நூல் வேலை நடக்கும் சாலையை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது. முதலில் 'முன்னால் வேலை நடக்கிறது' என்று சொல்லும் முன்னெச்சரிக்கைப் பகுதி. அடுத்து, வண்டிகளைச் சாய்வாகக் கூம்பு வைத்து ஒதுக்கும் பகுதி. மூன்றாவது, ஆட்கள் வேலை செய்யும் பகுதி. நான்காவது, வண்டிகள் மறுபடி பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி.

ஏன் இத்தனை? சின்னக் கணக்குதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை விநாடி என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள் 35 மீட்டர் போய்விடும். முழுதாக நிற்க 60 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டர் வேகமென்றால் 120 மீட்டர். பள்ளத்தின் விளிம்பில் நட்ட பலகை, பள்ளம் இருப்பதை விழுந்தவருக்குத்தான் சொல்லும். நம் ஊரில் பெரும்பாலும் மூன்றாவது பகுதிக்கு மட்டும் தடுப்பு இருக்கும். மற்ற மூன்றும் இருக்காது.

நத்தம் சாலை சொன்னது

நத்தம் சாலைப் பறக்கும் பாலம் நாம் அனைவரும் அறிந்தது. தல்லாகுளத்திலிருந்து செட்டிக்குளம் வரை 7.3 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலை. 2018-இல் தொடங்கி, 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் திறந்து வைத்தார். இடையில் நான்கு வருடத்துக்கு மேல், தூண்களுக்கு இரு பக்கமும் குறுகிய வழியில் பேருந்தும் ஆட்டோவும் இருசக்கர வண்டியும் ஓடின.

2021 ஆகஸ்ட் 28, சனிக்கிழமை மாலை, நாராயணபுரம் பக்கம் பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைப்புக்கு வந்த தொழிலாளி ஒருவர் இறந்தார். இன்னொருவர் காயமடைந்தார்.

திட்ட மதிப்பீட்டில் சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் வரும். கட்டி முடிக்கும்வரை அந்த வழியில் போகிறவரும், அங்கே வேலை செய்கிறவரும் கணக்கில் வருகிறார்களா என்பதே கேள்வி. மத்திய அரசு வருடந்தோறும் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையில், வேலை நடக்கும் சாலையில் நேர்ந்த விபத்துகளுக்கென்று தனி வரிசையே இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவைச் சேர்த்தது. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் விதிகளைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உடல் உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரி அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சிறியது. ஆனால் 'விபத்துக்கு ஓட்டுநர்தான் காரணம்' என்ற ஒருவரிப் பதில் இனி போதாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

நமக்குத் தெரியாத வித்தையா?

சாலையை மூடி மக்களை வேறு வழியில் அனுப்புவது மதுரைக்குப் புதிதல்ல. சித்திரைத் திருவிழாவைப் பாருங்கள். தேர் மாசி வீதிகளில் எப்போது எந்த வழியாக வரும், அழகர் தல்லாகுளம் தாண்டி வைகைக்கு எப்போது வருவார், பேருந்து எதில் திரும்பும், வண்டியை எங்கே நிறுத்தலாம், எல்லாம் முன்கூட்டியே பத்திரிகையில் வந்துவிடும். காவல்துறை, மாநகராட்சி, கோயில் நிர்வாகம், மின்வாரியம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். லட்சக்கணக்கானோர் வந்து போகிறார்கள்.

சாலை வேலையில் அந்தக் கூட்டு உட்காரல்தான் குறைகிறது. கோரிப்பாளையம் மேம்பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறை, நத்தம் பாலம் தேசிய ஆணையம், மாசி வீதிகள் மாநகராட்சி, கேபிள் மின்வாரியம். ஒருவர் மூடிய பள்ளத்தை அடுத்தவர் மறு மாதம் திறக்கிறார். மாற்றுப்பாதை என்று காட்டிய தெருவையே இன்னொரு துறை தோண்டி வைத்திருக்கிறது.

சங்கம் செய்யக்கூடியது

நம் தெருவில் இனி எந்தத் துறை தோண்ட வந்தாலும், நிர்வாகக் குழு நான்கு கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்கலாம்.

1. எந்தத் துறை, எந்த ஒப்பந்ததாரர், எந்தத் தேதிக்குள் முடிப்பார்? இதைத் தெருமுனையில் தமிழில் பலகையாக வைப்பார்களா?

2. போக்குவரத்துத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா? ஆம்புலன்ஸ் எந்த வழியாக உள்ளே வரும்?

3. இரவில் விளக்கும், ஒளி பட்டால் மின்னும் தடுப்பும் யார் பொறுப்பு? அவரது கைபேசி எண் என்ன?

4. பள்ளத்தை மூடிய பிறகு சாலையைப் பழையபடி செய்து தருவது யார், எப்போது?

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். நானே மனு எழுதித் தருகிறேன். 35 வருடம் வங்கியில் கடிதம் எழுதிய கை இது.

அங்கே வெயிலில் நின்று கொடி காட்டுபவர் நம்மை நிறுத்தினால், ஹாரன் அடிக்காமல் நிற்பது நம் பங்கு. அவருக்கும் எங்கோ ஒரு ஊரில் குடும்பம் காத்திருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது. ஆகவே முதல் கடிதத்தை மழைக்கு முன்பே மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் தெருவில் மூடாமல் கிடக்கும் இடங்களின் படங்களை, தேதி போட்டு, இந்த வாரத்துக்குள் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள்.