கார்லைல் கட்டிய சத்தமில்லாத அறை

பக்கத்து வீட்டுச் சத்தம் எல்லோருக்குமே தொல்லைதான். காதுக்குள்ளேயே ஓயாமல் "ங்ங்..." என்று இரையும் டின்னிடஸ் உள்ளவர்களுக்கு அது இரட்டைத் தொல்லை. வெளியே சத்தம் வந்தால் எரிச்சல், அடங்கினால் உள்ளே இருப்பது கேட்கும். எனக்கு இரண்டு வருடமாக இது உண்டு. அதனால் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன்.

எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1834-ல் லண்டன் செல்சியில், செய்ன் ரோ தெருவில் குடியேறினார். அவருக்குப் பிரச்சினை வெளிச்சத்தம். பக்கத்து வீட்டுச் சேவல்கள், பியானோ, தெருவில் ஆர்கன் வாசிப்பவர்கள்! சேவல் பஞ்சாயத்துக்கு அக்கம்பக்கத்தாரிடம் பேசப் போனது பெரும்பாலும் மனைவி ஜேன்தான். கடைசியில் 1853-ல் வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர் வைத்து, வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி போட்டு ஓர் அறை கட்டினார். பலன்? கிட்டத்துச் சத்தம் குறைந்ததும் தூரத்துச் சத்தம் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. ஆனாலும் பிரெடெரிக் மன்னரின் வரலாற்றை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்.

சரியாக நூறு வருடம் கழித்து, 1953-ல், ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்கர்கள் காதில் குறையில்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு இரைச்சல் கேட்டதாகச் சொன்னார்கள்! வெளிச்சத்தம் குறையும்போது மூளை தன் 'வால்யூமை' ஏற்றிக்கொள்கிறது என்பது இன்றைய விளக்கங்களில் ஒன்று. அதாவது முழு அமைதி காதிரைச்சலுக்கு மருந்தல்ல.

இதைத் தலைகீழாகப் பிடித்தவர் போர்ட்லேண்டைச் சேர்ந்த ஜாக் வெர்னான். 1970-களில் டின்னிடஸ் உள்ள ஒரு டாக்டரோடு அவர் ஒரு நீரூற்றின் அருகே நின்றபோது, தண்ணீர்ச் சத்தத்தில் தன் காதிரைச்சல் கேட்கவில்லை என்றார் டாக்டர். அதிலிருந்துதான் மெல்லிய சத்தம் தரும் காதுக்கருவி பற்றிய யோசனை வளர்ந்தது.

நானும் முதலில் கார்லைல் வழியில்தான் போனேன். இரவு முழுக்கக் காதில் பஞ்சு. இரைச்சல்தான் கூடியது. இப்போது பஞ்சு இல்லை, ஃபேன் மட்டும் ஓடும். மாடி வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன், ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்ஸி போடுவதில்லை. கார்லைலின் சுவரைவிட ஜேனின் வழியே எனக்கு அதிகம் உதவியது.