விந்தணுச் செயற்பாட்டில் அமிலமும் காரமும்: நிலையான அளவா, உரிய நேரத்து மாற்றமா?

ஒரு கரைசல் அமிலமா காரமா என்பதை அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு தீர்மானிக்கிறது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த சோரன்சன் 1909இல் வகுத்த பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும். அமிலம் விந்தணுவை அழிக்கும், காரம் அதைக் காக்கும் என்பது மகப்பேறு குறித்த பேச்சுகளில் அடிக்கடி வரும் கூற்று. அதில் பாதிதான் உண்மை. விந்தணு மிதமான அமிலத்தில் நாள்கணக்கில் சேமிக்கப்படுகிறது. கருவுறுத்தும் வேலையைக் காரத்தில் செய்கிறது. ஓரிடத்துப் பி.எச். எண்ணைவிட, அந்த எண் எப்போது, எங்கே மாறுகிறது என்பதே கருவுறுதலுக்கு முதன்மையானது.

விந்தகத்தில் உருவாகும் விந்தணுக்கள் விந்தக மேற்சுருள் குழலில் முதிர்ச்சியடைந்து தங்குகின்றன. எலிகளில் அளந்தபோது அக்குழலின் பி.எச். ஏறத்தாழ 6.5 முதல் 6.8 வரை இருந்தது. குழலின் சுவரிலுள்ள சில செல்கள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைத்தபடி இருக்கின்றன. பைகார்பனேட்டும் அங்கே மிகக் குறைவு. இந்தச் சூழலில் விந்தணுவின் வால் அசைவதில்லை. வாலை இயக்கும் டைனின் என்ற புரதம் செல்லின் உட்புறம் அமிலமாக இருக்கும்வரை ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைப் பயன்படுத்தாமல் அடங்கிக் கிடக்கிறது. ஆற்றலும் வீணாவதில்லை. இதைத் தெளிவாகக் காட்டியது கடல் முள்ளெலி. அதன் விந்தணுக்கள் பி.எச். 8ஐ ஒட்டிய கடல்நீரில் கலந்ததும் ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றி, உட்புறம் காரமானவுடன் நீந்தத் தொடங்குகின்றன. அமிலம் இங்கே விந்தணுவின் பகை அன்று, காவல்.

விந்து வெளிப்படும்போது சூழல் மாறுகிறது. அதன் கன அளவில் பெரும்பங்கைத் தரும் விந்துப்பைகளின் சுரப்பு காரத்தன்மை கொண்டது. புராஸ்டேட் சுரப்பு இலேசான அமிலம். இரண்டும் கலந்த விந்தின் பி.எச். பெரும்பாலும் 7.2 முதல் 8.0 வரை இருக்கும். அது சென்று சேரும் யோனிக் குழாயோ 3.8 முதல் 4.5 வரையிலான அமிலச் சூழல். அங்கு வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் கிளைகோஜனிலிருந்து உண்டாகும் சர்க்கரைகளை லாக்டிக் அமிலமாக்கி, நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. இரண்டும் சந்திக்கும் கணத்தை 1973இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. உடலுறவின்போதே சிறு ரேடியோக் கருவி மூலம் பதிவு செய்ததில், விந்து வெளிப்பட்ட எட்டு வினாடிக்குள் யோனியின் பி.எச். 4.3இலிருந்து 7.2க்கு உயர்ந்தது. அதாவது அமிலத்தன்மை ஏறக்குறைய எண்ணூறில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த நிலை நெடுநேரம் நீடிக்காது. யோனியிலேயே தங்கிவிடும் விந்தணுக்கள் சில மணி நேரத்தில் அசைவிழக்கின்றன. கருமுட்டை வெளிப்படும் நாள்களில் நீர்த்து, காரமாகும் கருப்பைவாய்ச் சளியை எட்டியவை ஐந்து நாள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும். அமிலத்தை விடாமல் நிறுத்திவைத்தால் கரு உருவாவதைத் தடுக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. லாக்டிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கலந்த கருத்தடைக் களிம்பு ஒன்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் ஏற்றது.

நீந்த முடிவதனால் மட்டும் விந்தணு கருவுறுத்திவிடாது. பெண்ணுடலில் சில மணி நேரம் கழிந்த பிறகே அதற்குக் கருவுறுத்தும் திறன் (திறனேற்றம்) கிட்டுகிறது என்பதை 1951இல் எம்.சி. சாங்கும் காலின் ஆஸ்டினும் தனித்தனியே கண்டறிந்தனர். கருக்குழாயில் நிறைந்துள்ள பைகார்பனேட் விந்தணுவுக்குள் புகுந்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறை உண்டாக்கும் நொதியை நேரடியாகத் தூண்டுகிறது. செல்லின் உட்புறம் காரமாகும்போது, 2001இல் அறியப்பட்ட காட்ஸ்பெர் என்ற கால்சியம் வாயில் திறக்கிறது. வால் சாட்டைபோல் வீசி அடிக்கிறது. முட்டையின் உறையைத் துளைக்க இந்த வேகம் தேவை. மனித விந்தணுவில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றும் ஹெச்வி1 வாயிலை 2010இல் லிஷ்கோ, கிரிச்சோக் குழுவினர் விளக்கினர். துத்தநாகம் அவ்வாயிலை அடைக்கும். விந்தில் துத்தநாகம் மிகுதி. பெண்ணுடலில் மேலேறும்போது அது விலகுகிறது. எனவே விந்தணு தன் காரத்தை முன்கூட்டியே செலவழிப்பதில்லை.

இதன் பயன் ஆய்வுக்கூடத்திலும் தெரிந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ் மனித முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யப் பல ஆண்டு முயன்றும் பலன் கிட்டவில்லை. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த பேரி பாவிஸ்டர், வெள்ளெலி விந்தணுக்களுக்கான ஊடகத்தில் காரத்தன்மையைக் கூட்டியபோது கருவுறுதல் தெளிவாக மேம்பட்டதைக் கண்டிருந்தார். அந்த ஊடகத்தைக் கொண்டே எட்வர்ட்ஸ், பாவிஸ்டர், ஸ்டெப்டோ மூவரும் மனித முட்டை கருவுற்றதை 1969இல் அறிவித்தனர்.

பெண்ணுடலில் வெளியிலிருந்து காரத்தைச் செலுத்தலாம் என்ற முடிவுக்கு இவையெல்லாம் இடம் தருவதில்லை. சமையல் சோடாவால் யோனியைக் கழுவினால் ஆண் குழந்தை பிறக்கும் என்ற கருத்தை 1930களில் ஜெர்மனியின் உண்டர்பெர்கர் பரப்பினார். பின்னர் அமெரிக்காவின் ஷெட்டில்ஸ் அதைப் புத்தகமாக்கினார். எக்ஸ், ஒய் விந்தணுக்களிடையே டி.என்.ஏ. அளவில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 3 விழுக்காடு. அந்தக் கழுவலால் அவை பிரிகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. கழுவுவதால் லாக்டோபேசில்லஸ் குலைந்து தொற்று நேரும் ஆபத்து மட்டும் உண்டு. கருத்தரிப்புக்கு முன்பே பாலினம் தேர்வதை இந்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. காரத்தன்மை மிக்க உணவும் பயன் தராது. நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தின் பி.எச்.சை 7.35க்கும் 7.45க்கும் இடையில் பிடித்து வைத்திருக்கின்றன.

பி.எச். உண்மையாகவே உதவும் இடம் விந்துப் பரிசோதனை. மாதிரி நீர்த்ததும் ஒரு சொட்டைப் பி.எச். தாளில் பரப்பி, நிறம் சீரானவுடன் அட்டையோடு ஒப்பிடுவார்கள். நேரம் கடந்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி எண் உயர்ந்துவிடும். அதனால் விந்து வெளிப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது. எண் 7.2க்குக் கீழே, கன அளவும் குறைவு, விந்தணுவே இல்லை என மூன்றும் சேர்ந்து வந்தால், விந்துப்பையின் காரச் சுரப்பு வந்து சேரவில்லை என்று பொருள். பாதை அடைபட்டிருக்கலாம், அல்லது விந்துநாளமே பிறவியில் இல்லாதிருக்கலாம். பிந்தையதற்குப் பல நேரங்களில் காரணம் சி.எஃப்.டி.ஆர். மரபணுவின் கோளாறு. குளோரைடையும் பைகார்பனேட்டையும் கடத்தும் வாயிலை உருவாக்குவது அதே மரபணு. இத்தகையோரின் விந்தகத்தில் விந்தணு பெரும்பாலும் உற்பத்தியாகிறது; ஊசியால் எடுத்து, முட்டைக்குள் செலுத்திக் கருத்தரிக்கச் செய்யலாம். அதற்கு முன் மனைவிக்கும் இம்மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும்: இருவரிடமும் கோளாறு இருந்தால் பிறக்கும் குழந்தைக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரக்கூடும்.