ஊசிமுனையிலிருந்து அணிகருவி வரை: மூளை மின்னலைப் பதிவின் வரலாறும் கடையம் வட்டாரமும்

முன்னுரை

மனித மூளையின் மின்னியக்கத்தை மண்டையோட்டைத் திறவாமல் பதிவு செய்யும் முறை மூளை மின்னலை வரைவு எனப்படும். மருத்துவமனைகளில் இது ஈ.இ.ஜி. என்னும் பெயரால் வழங்குகிறது. வலிப்பு நோயைக் கண்டறியவும் உறக்கத்தை ஆராயவும் பயன்படும் இம்முறைக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அலைகளைக் கண்டறிந்தோர் பெற்ற கவனத்தை, தலையில் பொருத்தப்பட்ட மின்முனைகளும் அவற்றைத் தாங்கிய மனிதர்களும் பெறவில்லை. மின்முனை அணிவோருக்கு எவ்வளவு இசைவாக உள்ளது என்பது, யாருடைய மூளை பதிவாகும் என்பதையும், அதன்வழி எதனை இயல்பு என அறிவியல் கொள்ளும் என்பதையும் பெரிதும் தீர்மானிக்கிறது. இக்கருத்தைத் தமிழகச் சான்றுகளின் துணைகொண்டும், தென்காசி மாவட்டக் கடையம் வட்டார வாழ்வியலைப் பொருத்திப் பார்த்தும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊசியும் தகடும்

1875ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் ரிச்சர்டு காட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் திறந்த மூளைப் பரப்பில் மின்னோட்டம் இருப்பதை அறிவித்தார். மனித மூளையின் மின்னலைகளை 1924இல் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அதனை வெளியிட்டார். தொடக்கத்தில் அவர் தலைத்தோலின் அடியில் ஊசிகளைச் செருகினார். பின்னர்த் தோலின் மேல் வைக்கும் உலோகத் தகடுகளுக்கு மாறினார். 1934இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் ஏட்ரியனும் மேத்யூசும் அவர் கண்டதை உறுதிப்படுத்தினர்.

தோலைத் துளைக்காத நிலை எய்தப்பட்டதும் வேறொரு சிக்கல் எழுந்தது. தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் நூறு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவானது. தோலுக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள மின்தடை மிகுந்தால் அலை இரைச்சலில் மூழ்கிவிடும். எனவே தோலைத் தேய்த்துத் தூய்மை செய்து, மின்கடத்துப் பசை தடவி, மின்முனைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தும் வழக்கம் நிலைபெற்றது. 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் முன்வைத்த பத்து–இருபது முறை, மின்முனைகளின் இடங்களை உலகுக்கெல்லாம் பொதுவாக்கியது. எலும்பின் அடையாளங்களை வைத்து இடம் குறித்த அம்முறையில் தலைமுடிக்கு எந்த இடமும் இல்லை.

தமிழகத்தில் மூளை மின்னலை ஆய்வு

ஜாஸ்பர் பணியாற்றிய மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறையைத் தொடங்கினார். 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் கழகம் தோன்றியது. அதன் நிறுவனர் நால்வருள் ஜேக்கப் சாண்டி, பி. இராமமூர்த்தி ஆகியோர் அறுவை மருத்துவர்கள், பல்தேவ் சிங் நரம்பியல் மருத்துவர், எஸ்.டி. நரசிம்மன் மூளை மின்னலை வரைவு வல்லுநர். கழகத்தின் தொடக்கத்திலேயே இத்துறைக்குத் தனியிடம் கிடைத்தது என்பதற்கு இது சான்றாகும்.

பல்தேவ் சிங் பின்னர்ப் புதுதில்லியில் ஆனந்த், சின்னா ஆகியோருடன் இணைந்து யோகிகளின் மூளை அலைகளை ஆராய்ந்து 1961இல் கட்டுரை வெளியிட்டார். எனினும், பதிவுக் கருவி ஆய்வுக்கூடத்துக்கு உரியதாகவும் ஆய்வுக்கு உட்படுவோர் அதனைத் தேடி வருவோராகவும் இருந்த நிலை நெடுங்காலம் நீடித்தது. 1970களில் மேலைநாடுகளில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒலிநாடாப் பதிவிகள் நோயாளியை மருத்துவமனையிலிருந்து விடுவித்தபோதும், பசையும் கம்பிகளும் தலையை விட்டு நீங்கவில்லை.

கருவி ஊருக்கு வந்தபோது

2009 அளவில் சந்தைக்கு வந்த எமோட்டிவ் எபாக் போன்ற கம்பியில்லாத் தலையணிகள் இந்நிலையை மாற்றின. கணினி விளையாட்டுக்கென அறிமுகமான அக்கருவியில் பதினான்கு மின்முனைகள் உள்ளன. பசைக்கு மாற்றாக உப்புநீரில் நனைத்த கம்பளிப் பஞ்சுகள் தோலைத் தொடுகின்றன. தாரா தியாகராசன் நிறுவிய சேப்பியன் லேப்ஸ் ஆய்வுக்குழு இத்தகைய தலையணியைத் தமிழகச் சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் கொண்டுசென்றது. 2021இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் தன்யா பரமேஸ்வரன், சதீஷ்குமார், தாரா தியாகராசன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை 402 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. அவர்தம் நாள் வருமானம் ஒரு டாலருக்கும் குறைவாகத் தொடங்கி 410 டாலர் வரை விரிந்திருந்தது. கல்வி, பயணம் ஆகியவை கூடக்கூட மூளை அலைகளின் சிக்கல்தன்மையும் கூடுவதை அவ்வாய்வு காட்டியது.

இத்தொடர்பு காரண–காரிய உறவை மெய்ப்பிக்காது. ஏழையரின் மூளை குறைபாடுடையது என்று அதனைப் படிப்பதும் பிழையாகும். ஆயினும், ஆய்வுக்கூடத்துக்கு எளிதில் வரக்கூடிய கல்லூரி மாணவர்களின் அலைகளை மட்டும் கொண்டு மனித இயல்பை வரையறுப்பது போதாது என்பது இதனால் புலனாகிறது. தலையில் எளிதாக அணியத்தக்க ஒரு கருவி இல்லையேல் இவ்வினாவே எழுந்திராது.

கடையம் என்னும் அளவுகோல்

பொதிகை மலையடிவாரத்தில் அமைந்த கடையம், 1918 முதல் 1920 வரை பாரதியார் வாழ்ந்த ஊர். 2019இல் தென்காசி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. வேளாண்மையோடு பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் பீடி சுற்றுதலும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரம். இத்தகைய ஊரில் நாள் முழுதும் அணியத்தக்க உணரி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என வினவினால், வடிவமைப்பின் இடைவெளிகள் தெளிவாகும்.

முதலாவது, எண்ணெய். நாள்தோறும் எண்ணெய் தடவி வாரிய தலையில் மின்தடை மிகும். எனவே பரிசோதனைக்கு முன் தலைக்குக் குளிக்குமாறு அறிவுறுத்துவர். பரிசோதனைக்குப் பின் பசையை நீக்க மீண்டும் குளித்தாக வேண்டும். நீண்ட கூந்தலும், செவ்வாய், வெள்ளி என நாள் பார்த்துத் தலைமுழுகும் வழக்கமும் உடைய பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று. இரண்டாவது, காலநிலை. குற்றாலச் சாரல் பருவத்தின் ஈரம் பஞ்சினை உலரவிடாது காக்கலாம். கோடையில் அதே பஞ்சு விரைவில் உலரும், வியர்வையோ அலையின் அடிக்கோட்டை அலைக்கழிக்கும். மூன்றாவது, தொழில். குனிந்தமர்ந்து பீடி சுற்றுவோரின் கழுத்துத் தசைகள் எழுப்பும் மின்குறிகள், பின்தலை மின்முனைகளில் மூளை அலைகளோடு கலந்துவிடும்.

தலைமுடியைக் கருதாத வடிவமைப்பின் விளைவை அமெரிக்காவிலும் உணர்ந்தனர். கறுப்பின மக்களின் அடர்சுருள் முடியில் வழக்கமான மின்முனைகள் சரிவரப் பொருந்தாமையால், 2020இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆர்னெல் எட்டியன், புல்கித் குரோவர் முதலியோர், முடியைப் பின்னலிட்டு வகிடுகளில் பற்றிக்கொள்ளும் மின்முனைகளை உருவாக்கினர். தலைமுடியை மாற்றாமல் கருவியை மாற்றிய அணுகுமுறை, வகிடெடுத்துப் பின்னும் தமிழகப் பெண்களுக்கும் பொருந்தக்கூடியது. முடியற்ற செவித்துளையில் பொருத்தும் மின்முனைகளும், 2011இல் அறிமுகமான, பச்சை குத்தியதுபோல் தோலில் ஒட்டும் மெல்லிய மின்னணுப் படலங்களும் வேறு வழிகளாகும். இவற்றுள் செவிமுனை தலையின் எல்லாப் பகுதிகளையும் எட்டாது. வசதி கூடும்போது பதிவின் பரப்பு குறைகிறது.

உள்ளத்தின் எல்லை

தோலைத் துளைக்காத கருவியும் உள்ளத்துள் நுழையக்கூடும். 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவரின் இசைவின்றி மூளை மின்வரைவுச் சோதனை நடத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 20(3), 21 ஆகிய உறுப்புகளுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அச்சோதனையில் தலையின் மேல் மின்முனைகள் வைக்கப்படுவதன்றி உடலுக்கு ஊறு ஏதுமில்லை. ஆயினும் நீதிமன்றம் உள்ளத்தின் தனிமையைக் காக்கத்தக்கதாகக் கொண்டது. 2023இல் சிலி நாட்டு உச்ச நீதிமன்றம், வணிகத் தலையணி ஒன்று திரட்டிய முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவுகளை அழிக்க ஆணையிட்டது. அதே ஆண்டு இந்தியா இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நுண்ணுணர்வுத் தரவு எனத் தனிவகை எதனையும் வகுக்கவில்லை. அணிவதே தெரியாத அளவுக்குக் கருவி மென்மையாகுந்தோறும், தாம் பதிவு செய்யப்படுவதை அணிந்தோர் மறப்பதும் எளிதாகும்.

முடிவுரை

ஊடுருவாமை என்னும் கருத்து மூன்று படிகளில் வளர்ந்துள்ளது. பெர்கர் காலத்தில் அது தோலைத் துளைக்காமையைக் குறித்தது. அணிகருவிகளின் காலத்தில் அன்றாட வாழ்வைக் குலைக்காமை அதனுடன் சேர்ந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் இசைவின்றி உள்ளத்துள் நுழையாமையும் அதன் பொருளாயிற்று. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த கருவியே கடையம் போன்ற ஊரில் வலிப்பு நோயாளி ஒருவரின் வீட்டில் பல நாள் பதிவை இயலச்செய்யும். அரைமணி நேரப் பரிசோதனையில் வலிப்பின் அடையாளம் தோன்றாமற்போவது மிகுதி என்பதால், இத்தேவை மருத்துவ நோக்கிலும் உடனடியானது. எண்ணெய் தடவிய தலையையும் வியர்க்கும் உடலையும் வடிவமைப்பின் தொடக்க நிலையிலேயே கருத்திற்கொள்ளுதல் இனிவரும் ஆய்வுகளின் கடமையாகும்.