காற்றலை யாருடையது?

1993 நவம்பர் 24. கொல்கத்தா ஈடன் கார்டனில் ஹீரோ கோப்பை அரையிறுதி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவை. பந்து டெண்டுல்கர் கையில். இரண்டு ரன்னில் ஜெயித்தோம்! நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தொடரின் ஒளிபரப்பு வழக்கைத்தான் மறந்துவிட்டோம். வங்காள கிரிக்கெட் சங்கம் உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது, தூர்தர்ஷன் எதிர்த்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காற்றலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது. தனியார் சேனல்களுக்கு வழி பிறந்தது. விளம்பரப் பணமும் கொட்டியது. 2023 முதல் ஐந்தாண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது.

அன்று மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பினால் போதும். இன்று ஐபிஎல் பார்க்கச் சந்தா கட்டுகிறேன். பொதுச் சொத்து என்றார்களே, அந்தப் பொதுஜனத்தில் நானும் ஒருவன்தானே?